கூட்டம் கூடினால் தரையில் படுத்துவிடும் பிள்ளை: வீட்டிலும் பள்ளியிலும் என்ன செய்யலாம்?

கோட்டையூர் மருமகள் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகனுக்கு ஆறு வயது முடிந்திருக்கிறது. காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் முதல் வகுப்புப் படிக்கிறான். பேச்சு சற்றுத் தாமதமாக வந்தது என்றாலும், இப்போது தனக்கு வேண்டியதைக் கேட்கும் அளவுக்குப் பேசுகிறான். எழுத்துகளை நன்றாக அடையாளம் காண்கிறான். பேருந்துகளின் தடங்களை வரிசை மாறாமல் ஒப்பிப்பான். ஆனால் நினைத்தது நடக்காதபோதும், சில வேளைகளில் எங்களுக்குப் புலப்படும் காரணம் எதுவும் இல்லாமலும், கத்துவதும் தன் கையைக் கடித்துக்கொள்வதும் அருகில் இருப்பவரை அடிப்பதுமாக ஆகிவிடுகிறது.

அண்மையில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருந்தோம். பந்திக்கு இலை போடும் நேரம். முகப்பில் நாதசுரமும் தவிலும் உச்சத்தில் இருந்தன. இவன் பட்டாலையில் (வீட்டின் முன்கூடத்தில்) குப்புறப் படுத்து, ஆத்தங்குடித் தரைக்கல்லில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டு, எழவே மாட்டேன் என்று கிடந்தான். தூக்க வந்த என் கொழுந்தனாரின் முழங்கையைக் கடித்துவிட்டான். "பிள்ளை வளர்த்திருக்கிற இலட்சணத்தைப் பாரு" என்று ஒரு பெரிய ஆச்சி என் காதுபடவே சொன்னார்கள்.

இவனுடைய அப்பச்சி (அப்பா) மலேசியாவில் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் என் மாமனார், மாமியார், நான், பதினொரு வயது மகள் ஆகியோர் இருக்கிறோம். இவன் அழத் தொடங்கினால் அப்பத்தா கைப்பேசியைக் கொடுத்துவிடுவார்கள். ஐயா பிரம்பை எடுத்துவரச் சொல்வார்கள். நான் இருவருக்கும் நடுவில் நிற்பேன். பள்ளியிலும் "வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்களேன்" என்று மெல்லச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். முதலில் யாரிடம் போக வேண்டும், வீட்டில் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

செக்காலை வாசகர்

ஆண் பிள்ளை அப்படித்தான் இருப்பான். என் பெரியம்மா மகனும் ஏழு வயது வரை ஊரையே கூட்டுவான். இப்போது வங்கியில் மேலாளராக இருக்கிறான். வளர வளரச் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள்.

---

தேவகோட்டைப் பெரியவர்

மருமகளே, நான் சொல்வது உங்களுக்குக் கசக்கலாம். அடியாத மாடு படியாது என்று நம் முன்னோர் சும்மா சொல்லிவைக்கவில்லை. எங்கள் வளவில் (கூட்டுக்குடும்ப வீட்டில்) ஒரே கூரையின்கீழ்ப் பதினாறு பிள்ளைகள் வளர்ந்தோம். ஐயாவின் செருமல் சத்தம் வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் கேட்டாலே முகப்பில் விளையாடும் பிள்ளைகள் வாய் மூடிக்கொள்வோம். அன்றைக்கு எந்த மருத்துவரும் எங்களுக்குப் பெயர் சூட்டவில்லை. பிள்ளை அழுதால் கைப்பேசி கொடுப்பதும், கடித்தால் "பாவம்" என்பதும் இந்தத் தலைமுறை கொண்டுவந்த பழக்கங்கள். உங்கள் மாமனார் சொல்வதில் பிழையில்லை. ஐந்தில் வளைக்காவிட்டால் பிறகு வளைக்கவே முடியாது.

---

குழந்தைநல மருத்துவர் (பணி ஓய்வு)

பிரம்பா, பரிவா என்ற வழக்கு நடக்கட்டும். அதற்கு முன்னால் உடலைப் பார்த்துவிட வேண்டும். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், நடத்தைச் சிக்கல் என்று அழைத்துவரப்படும் பிள்ளைகளில் சிலரிடம் மிகச் சாதாரணமான நோய் ஒன்று ஒளிந்திருக்கும் என்பதே.

பேச்சு தாமதமான பிள்ளைக்குச் செவித்திறன் பரிசோதனை கட்டாயம். சளி பிடிக்கும்போதெல்லாம் நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும் பிள்ளைக்கு ஒரு வாரம் காது நன்றாகக் கேட்கும், மறுவாரம் மந்தமாக இருக்கும். "வேண்டுமென்றே கேட்காததுபோல் நடிக்கிறான்" என்ற பழி அதனால் வந்து சேரும். மலச்சிக்கலையும் நம் வீடுகளில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை அதை அழுகையாகவும் அடியாகவும்தான் காட்டும். சொத்தைப் பல்லும் அப்படியே. வாயைத் திறந்தபடி குறட்டை விட்டு உறங்குகிறானா என்று ஒரு நாள் இரவு உட்கார்ந்து கவனியுங்கள். மூக்கின் பின்புறம் அடினாய்டு சதை பெருத்திருந்தால் உறக்கம் துண்டு துண்டாகும். உறக்கம் கெட்ட பெரியவர் சோர்ந்து கிடப்பார். சிறு பிள்ளையோ பெரும்பாலும் அதற்கு நேர்மாறாக ஓர் இடத்தில் நிற்காமல் ஓடும், எரிந்து விழும். விளையாடிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் வெறித்துப் பார்த்து, பெயர் சொல்லி அழைத்தாலும் அசையாமல், பிறகு எதுவும் நடவாததுபோல் தொடர்கிறான் என்றால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேசிய சிறார் நலத் திட்டம் 2013இல் தொடங்கியது. அதன்கீழ் பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்காக மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. குழந்தைநல மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், செவித்திறன் பரிசோதகர் ஆகியோரை ஒரே இடத்தில் பார்க்க வழி செய்வதே அவற்றின் நோக்கம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். செக்காலை வாசகர் சொல்வதுபோல் வளர வளரச் சரியாகும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் எந்தப் பிள்ளை தானாகச் சரியாகும் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் எவராலும் சொல்ல முடியாது. பரிசோதனை செய்து, ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்வதில் நட்டமில்லை.

---

சிறப்புப் பயிற்றுநர், காரைக்குடி வட்டாரம்

வணக்கம் ஆச்சி. மருத்துவர் ஐயா சொன்னதை முதலில் செய்யுங்கள். பிள்ளையை நேரில் பார்க்காமல் ஆட்டிசம் என்றோ, கவனக்குறைவு மிகைச்செயல் (ADHD) என்றோ இங்கிருந்தபடி பெயர் வைப்பது முறையன்று. ஆனால் பெயர் எதுவானாலும், அல்லது எந்தப் பெயரும் இல்லாவிட்டாலும், நாளைக் காலையிலேயே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது.

ஒரு நடத்தை மீண்டும் மீண்டும் வருகிறது என்றால், அது அந்தப் பிள்ளைக்கு ஏதோ ஒன்றைப் பெற்றுத்தருகிறது, அல்லது ஏதோ ஒன்றிலிருந்து அவனை விடுவிக்கிறது என்று பொருள். யாராவது தன்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவும், விரும்பிய பொருள் கைக்கு வர வேண்டும் என்பதற்காகவும், பிடிக்காத வேலையிலிருந்தும் இடத்திலிருந்தும் தப்புவதற்காகவும், உடலுக்குள் ஏற்படும் தவிப்பைத் தணிப்பதற்காகவும் பிள்ளைகள் இவ்வாறு நடந்துகொள்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் செயல், இடத்துக்கு இடம் வேறு வேலையைச் செய்யும். வீட்டில் கைப்பேசிக்காகப் படுப்பதும் திருமண வீட்டில் படுத்ததும் ஒன்றல்ல என்றே நான் நினைக்கிறேன். தவில் ஓசை, வெக்கை, தெரியாத முகங்கள், பூவும் சந்தனமும் சமையலும் கலந்த மணம் ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் மேலே வந்து விழுந்தபோது, குளிர்ந்த கல்லில் கன்னத்தை அழுத்திக்கொண்டது அவன் தனக்குத்தானே செய்துகொண்ட வைத்தியமாக இருக்கலாம். அந்த ஒரே ஆறுதலிலிருந்தும் பிய்த்தெடுக்க ஒருவர் வந்தபோது கடித்திருக்கிறான். அவ்விடத்தில் அடி போட்டிருந்தால் அவன் எதைக் கற்றிருப்பான் என்று தேவகோட்டைப் பெரியவர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். நடந்ததற்குச் சற்று முன்னால் என்ன இருந்தது என்பதை முதல் பத்தியிலும், பிள்ளை செய்தது என்ன என்பதை இரண்டாவதிலும், உடனே பெரியவர்கள் செய்தது என்ன என்பதை மூன்றாவதிலும் எழுதுங்கள். "அடம் பிடித்தான்" என்று எழுதாதீர்கள். "நோட்டைத் தள்ளினான், மேசைக்கு அடியில் போனான்" என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள். மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். பலரும் முதல் பத்தியை விட்டுவிட்டு இரண்டாவதையே பக்கம் பக்கமாக நிரப்புவார்கள். விடை பெரும்பாலும் முதலிலும் மூன்றாவதிலும்தான் கிடக்கும்.

இந்தத் துறையில் 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் ஆகிய இருவரும் வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். பாடம் கடினமானதால் முரண்டு பிடித்தவர்களுக்கு உதவி கேட்கும் சொல்லையும், தம்மை யாரும் கவனிக்காததால் முரண்டு பிடித்தவர்களுக்குத் "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று ஆசிரியரிடம் கேட்கும் சொல்லையும் கற்றுக்கொடுத்தார்கள். முரண்டு பெருமளவு குறைந்தது. காரணத்துக்குப் பொருந்தாத சொல்லைக் கற்றுக்கொடுத்தபோதோ எந்தப் பயனும் இல்லை. பேசக் கற்றுக்கொடுத்தால் போதாது, எதற்காகக் கத்தினானோ அதையே பெற்றுத்தரும் பேச்சைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

---

கோட்டையூர் மருமகள்

மருத்துவர் ஐயாவுக்கும் பயிற்றுநருக்கும் மிக்க நன்றி. காதுப் பரிசோதனை முடிந்தது, குறை இல்லை. மலச்சிக்கல் இருப்பது உறுதியானது, அதற்கு மருந்து தொடங்கியிருக்கிறார்கள். நோட்டு எழுதி வருகிறேன். எதிர்பாராத ஒன்று தெரிய வந்தது: பெரும்பாலான சண்டைகள் பள்ளி வேன் வந்து இறக்கிவிட்ட பிறகு, நாலே கால் மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்தான் நடக்கின்றன. அந்த நேரத்தில்தான் சீருடையைக் கழற்றுவது, பால் குடிக்க வைப்பது, ஐந்து மணி டியூஷனுக்குப் பையை எடுத்துவைப்பது எல்லாம் நடக்கும். டியூஷன் இல்லாத நாள்களில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். கிரைண்டர் ஓடும்போது காதைப் பொத்திக்கொண்டு அடுத்த கட்டுக்கு ஓடுகிறான் என்பதையும் இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன். மூன்றாவது பத்தியிலோ வரிக்கு வரி "அப்பத்தா கைப்பேசி கொடுத்தார்கள்" என்றே இருக்கிறது. இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? அவர்கள் மனம் நோகும். கைப்பேசியைப் பிடுங்கிவைத்தால் பேரன் அவர்களிடம் வரவே மாட்டானோ என்று அஞ்சுவார்கள்.

---

சிறப்புப் பயிற்றுநர், காரைக்குடி வட்டாரம்

ஆச்சி, உங்கள் மாமியாரின் கையிலிருந்து எதையும் பிடுங்க வேண்டாம். அவர்கள் கொடுப்பது தவறில்லை; அது வந்து சேரும் நேரம்தான் தவறு. இப்போது அது அழுகைக்குப் பின்னால் வருகிறது. அதை அழுகைக்கு முன்னால் கொண்டுவாருங்கள்.

வேனிலிருந்து இறங்கியதும் முதல் அரை மணி நேரம் எந்தக் கட்டளையும் வேண்டாம். பள்ளியில் ஒரு நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, பசியோடும் களைப்போடும் வந்து, பாதுகாப்பான இடத்தில் அதைக் கொட்டுகிறான். சீருடை கிடக்கட்டும். அவனுக்குப் பிடித்த பலகாரம் ஒன்று, சீடையோ வெள்ளைப் பணியாரமோ, கேட்காமலேயே கைக்கு வரட்டும். அதன்பின் அவன் அமைதியாக இருக்கும்போது, "அப்பத்தா, போன் தாங்க" என்று அவன் வாயால் கேட்க வைத்து, கேட்டவுடன் அப்பத்தாவே கொடுக்கட்டும். எவ்வளவு நேரம் என்பதற்கு மணல் கடிகாரமோ, முள் நகர்வதைக் காட்டும் கடிகாரமோ இருந்தால் நல்லது. நேரம் முடிந்தால் வாங்கி வைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும், அவர்களுடையதாக வேண்டாம். இதனால் அப்பத்தாவின் கை கொடுக்கும் கையாகவே இருக்கும். அழுகைக்குத்தான் அந்தக் கை திறப்பது நிற்கும்.

இன்னொன்றை முன்கூட்டியே வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவையுங்கள். அழுதால் கிடைத்துவந்தது கிடைக்காமல் போகும்போது, தொடக்கத்தில் அழுகை குறையாது, கூடும். முன்பைவிட ஓங்கிக் கத்துவான், புதிதாக எதையாவது எறிந்தும் பார்ப்பான். இந்தக் கட்டத்தில் மனம் இளகிக் கொடுத்துவிட்டால், இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்தவர்களாவோம். எப்போதாவது ஒரு முறை பரிசு விழுகிறது என்பதால்தான் பரிசுச்சீட்டு வாங்குபவர் அதை விடுவதில்லை. பத்து முறை மறுத்துப் பதினோராவது முறை கொடுப்பது, ஒவ்வொரு முறையும் கொடுப்பதைவிடக் கெட்ட பலன் தரும். கடைசிவரை மறுத்து நிற்க முடியாது என்று தோன்றும் பொருளை மறுக்கத் தொடங்காதீர்கள். தொடங்கினால் வீட்டில் நால்வரும் ஒரே பேச்சாக நில்லுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையிடம் மட்டும் இதை ஆலோசகர் துணையில்லாமல் செய்யக் கூடாது. அவன் கையைக் கடிப்பது தோல் கன்றும் அளவுக்குப் போகிறதென்றால், முதலில் உளவியலாளரைப் பாருங்கள்.

டியூஷனைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், முதல் வகுப்புப் பிள்ளைக்கு அது தேவையில்லை. நிறுத்த முடியாது என்றால், அன்றைக்கு நடக்கப்போவதைப் படமாகக் காட்டுங்கள்: வேன், பலகாரம், கைப்பேசி, டியூஷன், வீடு. அட்டையில் வரைந்தால் போதும். ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்த அட்டையை அவனே எடுத்து ஓலைக் கொட்டானில் போடட்டும். அடுத்தது என்ன என்று தெரியாத தவிப்புதான் பல பிள்ளைகளிடம் சண்டையாக வெளிப்படுகிறது. கிரைண்டர் போடுவதற்கு முன்னால் "இப்போது சத்தம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். இனித் திருமணத்துக்கோ படைப்புக்கோ (முன்னோர் வழிபாட்டுக்கோ) போகும்போது, கூட்டம் சேர்வதற்கு முன்பே அழைத்துப்போய் வீட்டைச் சுற்றிக்காட்டி, ஒதுங்கியிருக்க ஓர் அறையை வீட்டாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேளம் தொடங்கும் முன்பே அங்கே போய்விட வேண்டும். அவன் படுத்த பிறகு அழைத்துப்போவது வேறு கணக்காகிவிடும்.

---

புதுவயல் ஆசிரியை

நான் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். பயிற்றுநர் எழுதியவை அனைத்தும் படிக்க நன்றாக இருக்கின்றன. என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒரு பிள்ளை மேசைமேல் ஏறி நின்று பக்கத்துப் பிள்ளையின் எழுதுகோலைப் பிடுங்கி எறியும்போது, மூன்று பத்தி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருக்க முடியுமா? அடி வாங்கிய பிள்ளையின் பெற்றோர் மறுநாள் வாசலில் வந்து நிற்கிறார்கள். பிரம்பை நாங்கள் தொடுவதில்லை, தொடவும் கூடாது. ஆனால் அதற்குப் பதிலாக எங்கள் கையில் என்ன கொடுத்திருக்கிறார்கள்? எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்கும் உள்ளடக்கிய கல்வி என்று பயிற்சி வகுப்பில் இரண்டு நாள் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். மற்ற முப்பத்தேழு பிள்ளைகளுக்கும் என்மேல் உரிமை இருக்கிறது அல்லவா?

---

தேவகோட்டைப் பெரியவர்

ஆசிரியை கேட்பதுதான் என் கேள்வியும். புரிந்துகொள்வதற்கும் ஓர் எல்லை வேண்டாமா?

---

சிறப்புப் பயிற்றுநர், காரைக்குடி வட்டாரம்

டீச்சர், உங்கள் குறை நியாயமானது. ஆள் போதாத குறையை எந்த உத்தியாலும் முழுமையாக ஈடுகட்ட முடியாது. அடி வாங்கிய பிள்ளையைப் பாதுகாப்பதுதான் முதல் கடமை; அதில் இரண்டாவது கருத்தே இல்லை. எழுதுவதற்கு நோட்டு வேண்டாம், வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் மணியையும் பாடத்தையும் மட்டும் குறித்தால் போதும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே பாடவேளை, ஒரே வகை வேலை திரும்பத் திரும்ப வரும். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னவுடன் மேசைமேல் ஏறுகிறான் என்றால், கண் பார்வையையும் எழுதும் திறனையும் சோதிக்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளையை வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்தால், எந்த வேலையிலிருந்து தப்ப நினைத்தானோ அதிலிருந்து நாமே அவனைத் தப்ப வைக்கிறோம், மறுநாளும் ஏறுவான்.

பத்து வரிக்குப் பதிலாக மூன்று வரி எழுதச் சொல்லி, அது முடிந்ததும் சுண்ணக்கட்டி வாங்கிவரவோ பதிவேட்டைத் தலைமையாசிரியர் அறையில் கொடுத்துவரவோ அனுப்புங்கள். அவனுக்கு வேண்டிய அசைவும் ஓய்வும் மானமாகக் கிடைத்துவிடும். பள்ளி மணி அடிக்கும் இடத்துக்கு அருகிலோ கதவோரத்திலோ உட்கார வைக்காதீர்கள். அமைதியாக இருக்கும்போது தோளைத் தட்டி ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள்; முரண்டு செய்யும்போது மட்டுமே ஆசிரியர் தன்னிடம் வருகிறார் என்று தெரிந்துகொண்ட பிள்ளை, ஆசிரியரை வரவழைக்கும் வழியைத்தான் கற்றிருக்கும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறோம். தலைமையாசிரியர் வழியாக எழுதி அழையுங்கள். பிள்ளையை வகுப்பிலேயே வைத்துப் பார்க்க வருவோம்.

பெரியவர் கேட்ட எல்லைக்கு வருகிறேன். எல்லை வேண்டும், அதில் ஐயமில்லை. "அடிக்கக் கூடாது" என்ற விதியை நான் ஒருபோதும் தளர்த்துவதில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்துகிறேன், அப்பால் அழைத்துச் செல்கிறேன், எறிந்ததை அவனையே எடுத்து வைக்கச் செய்கிறேன். அதற்கும் பிரம்புக்கும் தொடர்பில்லை. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17 உடல் தண்டனையையும் மனத்துன்பத்தையும் தடை செய்கிறது. தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். கோட்டையூர் ஆச்சி கவனிக்க: அதே சட்டத்தின் பிரிவு 16 தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. "வேறு இடம் பாருங்கள்" என்பவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அதை எழுத்தில் தருமாறு பணிவாகக் கேளுங்கள், அதுவே பெரும்பாலும் போதும்.

---

தேவகோட்டைப் பெரியவர்

சட்டம் இருக்கட்டும். பதினாறு பிள்ளைகள் வளர்ந்த வளவைப் பற்றிச் சொன்னேன். அதில் ஒரு பையன் எப்போதும் நெல் கிடங்கின் இருட்டில் போய் உட்கார்ந்திருப்பான். பள்ளிக்கூடம் போகவே இல்லை. அவனை "மந்தன்" என்றோம். அடித்தும் பார்த்தார்கள். அவனுக்கு என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கண்டிப்பு வேண்டும் என்பதை நான் மாற்றிக்கொள்ளவில்லை; ஆனால் அவன் விஷயத்தில் கண்டிப்பு ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

---

சிங்கப்பூரிலிருந்து ஒரு அப்பச்சி

பிள்ளையின் அக்காவைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டிலும் இதே அமைப்புதான். இளையவனுக்கு ஆட்டிசம், மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. தம்பி கத்தினால் தன் பென்சில், தன் இடம், தன் தொலைக்காட்சி நேரம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். "பொறுப்பான பிள்ளை" என்று எல்லாரும் பாராட்டியதால், தனக்கும் கோபம் வரும் என்று அவள் எங்களிடம் சொல்லவே இல்லை. இப்போது வாரத்தில் ஒரு மாலை அவளும் அம்மாவும் மட்டும் வெளியே போகிறார்கள், தம்பியின் பேச்சு அங்கே எடுக்கப்படாது. அவளுடைய பொருள்களுக்குப் பூட்டுப் போட்ட அலமாரி ஒன்றும் வாங்கிக் கொடுத்தோம்.

வெளிநாட்டில் இருக்கும் அப்பச்சிமார்களுக்கும் ஒரு சொல். காணொளி அழைப்பில் வந்தவுடன் "இன்றைக்கு என்ன சேட்டை பண்ணினான்?" என்று கேட்காதீர்கள். ஒரே நேரத்தில், ஒரே விளையாட்டோடு அழையுங்கள். என் மகனும் நானும் பேருந்துப் படங்களைக் காட்டி மாறி மாறிப் பெயர் சொல்வோம். மனைவிக்குத் தொலைவிலிருந்து ஆலோசனை சொல்வதைவிட, அவர் உறங்குவதற்கு ஒரு மணி நேரம் கிடைக்க ஏற்பாடு செய்வது மேல்.

---

பள்ளத்தூர் நண்பர்

எனக்குத் தெரிந்த ஒருவர் ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் (குருத்தணு) ஊசி போடுவதாகவும் பல இலட்சம் செலவாகும் என்றும் சொல்கிறார். போடலாமா? இன்னொருவர் தடுப்பூசியால்தான் இது வந்தது என்கிறார்.

---

குழந்தைநல மருத்துவர் (பணி ஓய்வு)

போட வேண்டாம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதன்று என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தெளிவுபடுத்திவிட்டது. தடுப்பூசிக் கதை 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து பரவியது. அக்கட்டுரையை அந்த இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தப் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்குச் செலவிடுங்கள். கோயிலுக்குப் போவதையும் நேர்த்திக்கடன் வைப்பதையும் நான் தடுக்க மாட்டேன். பரிசோதனையையும் பயிற்சியையும் அதற்காகத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

---

கோட்டையூர் மருமகள்

ஒரு கடைசிக் கேள்வி. சிவகங்கைக்கு அழைத்துப்போகும் நாள் குறித்துவிட்டோம். மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. "சான்றிதழ் வாங்கிவிட்டால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், நாளைக்குப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசும்போது இதைத்தான் முதலில் கேட்பார்கள்" என்கிறார்கள். அவர்கள் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கத்துப் பேச்சு எப்படி ஓடும் என்பது எனக்கும் தெரியும்.

---

சிறப்புப் பயிற்றுநர், காரைக்குடி வட்டாரம்

மதிப்பீடு வேறு, சான்றிதழ் வேறு என்பதை உங்கள் மாமனாரிடம் எடுத்துச் சொல்லுங்கள். மதிப்பீடு என்பது மருத்துவருக்கும் உங்களுக்கும் இடையில் நிற்கும். என்ன பயிற்சி தேவை என்பதை அது சொல்லும். அதைச் செய்துகொண்டதாலேயே யாரும் உங்கள் பிள்ளையின் பெயரை எந்தப் பட்டியலிலும் சேர்த்துவிட மாட்டார்கள். சான்றிதழும் மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டையும் நீங்கள் விண்ணப்பித்தால் மட்டுமே வருபவை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைகளைப் பட்டியலிடுகிறது; ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் அதில் உண்டு. கவனக்குறைவு மிகைச்செயல் தனி வகையாக இல்லை. எனவே மதிப்பீட்டின் முடிவு எதுவாக அமைகிறது என்று பார்க்காமல் சான்றிதழைப் பற்றி இன்றைக்கே வழக்காட வேண்டியதில்லை.

பின்னால் தேவைப்பட்டால் அது பயன் தரும் இடங்களும் உண்டு. கற்றல் குறைபாடு உறுதியான பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதுபவரும், ஒரு மொழிப்பாட விலக்கும் தரப்படுகின்றன. ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ இருந்தால், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குப் பெறலாம். இவற்றை ஐயாவிடம் கணக்காகச் சொல்லிப் பாருங்கள். உணர்ச்சியாகப் பேசுவதைவிடக் கணக்கு நம் ஊர்ப் பெரியவர்களிடம் நன்றாக எடுபடும்.

சிவகங்கைக்குப் போகும்போது நோட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், காத்திருக்கும் கூட்டத்தில் அவன் தவித்துப் போவான். பலகாரமும் பேருந்துப் படங்களும் கையில் இருக்கட்டும். முடிந்தால் மாமியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், மருத்துவர் சொல்வதை அவர்கள் நேரில் கேட்பது நல்லது. நடுவில் உங்களுக்கே தாங்க முடியாத நாள் வந்தால், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.